வேலை விட்டு வரும் அம்மாவுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?

(நானுஓயாவில் பெற்றோரும் முன்பள்ளி ஆசிரியைகளும் பிள்ளைக் காம்பரா ஆயாம்மாக்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மலையகத்தில் ‘பெற்றோர் விழிப்புணர்வுக் கருத்தரங்கு’ எப்படி நடக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி என்று அழைப்பு இருக்கும். பதினொன்றரைக்கு விளக்கேற்றுவார்கள். மேடையில் எட்டுப் பேர், அதில் ஏழு பேர் ஆண்கள். முன்வரிசையில் உத்தியோகத்தர்கள், பின்வரிசைகளில் மடியில் பிள்ளையோடு தாய்மார். பிள்ளைகளோடு மனம்விட்டுப் பேசுங்கள், அடிக்காதீர்கள், போனைக் கையில் கொடுக்காதீர்கள் என்று இரண்டு மணி நேரம் பேச்சு நடக்கும். மடியில் இருக்கும் பிள்ளை சிணுங்கினால், “கொஞ்சம் வெளியே கூட்டிக்கிட்டுப் போங்கம்மா” என்று மேடையிலிருந்தே சத்தம் வரும். பிறகு ஒரு பனிஸ், ஒரு பிளேன்டி, வரவுப் பதிவில் கையெழுத்து.

அப்படிப்பட்ட பேச்சைக் கேட்டு வீட்டுக்குப் போன தாய் அன்று மாலை வேறு விதமாக நடந்துகொள்வாள் என்று எதிர்பார்க்க முடியாது. அதைச் சொல்வதற்கும் ஒரு சொற்பொழிவு தேவைப்படுகிறது என்பது வேடிக்கைதான். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பெற்றோருக்கான பயிற்சித் திட்டங்கள் இன்று உலகெங்கும் நடக்கின்றன. அவற்றில் எது பிள்ளையின் மனதைத் தொடுகிறது, எது வரவுப் பதிவோடு நின்றுவிடுகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க இப்போது போதுமான ஆய்வுகள் உண்டு. 2023இன் தொடக்கத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் இதற்கென்றே ஒரு வழிகாட்டி நெறியை வெளியிட்டது. அறுபதுக்கு மேற்பட்ட நாடுகளில் நடந்த 400க்கு மேற்பட்ட பரிசோதனை ஆய்வுகள் அதற்கு அடிப்படை.

இப்படிப்பட்ட ஆய்வுகளில் ஒன்றையாவது விரிவாகப் பார்க்கவேண்டும் என்றால், ஜமெய்க்காவில் நடந்ததைத்தான் பார்க்கவேண்டும்.

1986, 87 வாக்கில் ஜமெய்க்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் சலி கிரந்தம்-மக்கிரெகர் என்ற பெண் மருத்துவரும் அவருடைய குழுவினரும் வறிய குடியிருப்புகளில் வீடு வீடாகப் போனார்கள். 9 மாதத்துக்கும் 24 மாதத்துக்கும் இடைப்பட்ட, வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளைத் தெரிவு செய்து நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரா வாரம் கூடுதல் பால்மா கிடைத்தது. இன்னொரு பிரிவில், வாரம் ஒரு மணி நேரம் ஒரு சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து தாயையும் பிள்ளையையும் சேர்த்து உட்காரவைத்து விளையாட வைத்தார். மூன்றாவது பிரிவுக்கு இரண்டும் உண்டு. நான்காவது பிரிவுக்கு வழக்கமான மருத்துவக் கவனிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. இப்படியே இரண்டு வருடம்.

வீட்டுக்கு வந்தவர்கள் பட்டம் பெற்றவர்கள் அல்லர். அந்தந்தப் பகுதிப் பெண்கள்தான். சில வாரப் பயிற்சி பெற்றிருந்தார்கள். கொண்டுவந்த விளையாட்டுப் பொருள்களும் கடையில் வாங்கியவை அல்ல. வெற்றுப் போத்தல், அட்டைப்பெட்டி, துணித்துண்டு, கையால் வரைந்த படப்புத்தகம் இவைதான். ஒன்றை வீட்டில் விட்டுப் போவார்கள். அடுத்த வாரம் அதை எடுத்துக்கொண்டு வேறொன்றைக் கொடுப்பார்கள். பிள்ளைக்குப் பாடம் நடத்தவில்லை, தாய்க்குப் புத்திமதி சொல்லவில்லை. தாய் பிள்ளையோடு விளையாடும்போது பக்கத்தில் இருந்து பார்த்தார்கள். நன்றாகச் செய்ததை அந்த இடத்திலேயே எடுத்துச் சொல்லிப் பாராட்டினார்கள்.

அந்தப் பிள்ளைகள் பதினேழு, பதினெட்டு வயதான பிறகு ஆய்வாளர்கள் மறுபடியும் தேடிப் போனார்கள். விளையாட்டுப் பிரிவில் இருந்தவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் குறைவாக இருந்தன. தன்மதிப்பு கூடுதலாகவும் கவனச் சிதறல் குறைவாகவும் இருந்தது. இது 2006இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. 22 வயதில் பார்த்தபோது அவர்கள் வன்முறையில் இறங்குவது குறைந்திருந்தது. சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது என்று 2014இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். பால்மா மட்டும் பெற்ற பிரிவில் இப்படி நெடுநாள் நின்ற பலன் தெரியவில்லை.

நுவரெலியா மாவட்டத்துக்காரர்கள் இந்தக் கதையைக் காது கொடுத்துக் கேட்க ஒரு காரணம் உண்டு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, இலங்கை முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது 31.7 சதவீதம். கிங்ஸ்டனில் தேடித் தேடித் தெரிவு செய்த அதே மாதிரியான பிள்ளை இங்கே மூன்றில் ஒன்று. அந்தப் பிள்ளைக்கு நாம் என்ன செய்கிறோம்? நிறை பார்க்கிறோம், திரிபோஷா சத்துமா கொடுக்கிறோம், வளர்ச்சிப் பதிவேட்டில் கோடு போடுகிறோம். எல்லாம் தேவையானவை. ஆனால் தாயையும் பிள்ளையையும் ஒன்றாக உட்காரவைத்து விளையாடப் பழக்குவது அபூர்வம். ஜமெய்க்கா ஆய்வு சொல்வதன்படி பார்த்தால் நாம் செய்வது பாதி வேலை.

விளையாட்டுக்கும் மனநலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அதற்கு ஒரு மாலை நேரத்தை எடுத்துக்கொள்வோம். நானுஓயா ஸ்டேசனைச் சுற்றியுள்ள எந்தத் தோட்டத்திலும் நடப்பதுதான்.

கடைசி நிறுவை முடிந்து அம்மா மகனை எடுக்கப் பிள்ளைக் காம்பராவுக்கு வருகிறாள். நனைந்த படங்கு இன்னும் இடுப்பிலேயே இருக்கிறது. கொழுந்து இரண்டு கிலோ குறைந்துவிட்டது, அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டுவிடுவார்களோ என்ற கணக்கு மனதில் ஓடுகிறது. நான்கு வயது மகன் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறான். “இருடா, வீட்டுக்குப் போவோம்” என்கிறாள். லயத்துக்கு வந்ததும் பீலியில் தண்ணீர் பிடிக்கவேண்டும், ஈர விறகை ஊதி அடுப்பைப் பற்றவைக்கவேண்டும், ரொட்டிக்கு மா பிசையவேண்டும். பையன் அன்று நடந்த ஏதோ ஒன்றைச் சொல்ல வருகிறான். “பொறு.” சேலையைப் பிடித்து இழுக்கிறான். “பொறுன்னு சொன்னேன்ல.” குடத்தைத் தட்டிவிடுகிறான். இப்போதுதான் அம்மா திரும்பிப் பார்க்கிறாள். முதுகில் ஒன்று விழுகிறது. அவன் வீறிட்டு அழுகிறான். பக்கத்துக் காம்பராவிலிருந்து “என்ன சத்தம் அங்கே?” என்று குரல் வருகிறது. கையில் ஒரு டொபியைத் திணித்து, போனில் கார்ட்டூன் போட்டுக் கொடுக்கிறாள். சத்தம் அடங்கிவிடுகிறது.

இதில் பிள்ளை கற்றுக்கொண்டது என்ன? கதை சொன்னால் அம்மா திரும்பமாட்டாள், குடத்தைத் தட்டினால் திரும்புவாள். கத்தினால் டொபி வரும். அம்மா கற்றுக்கொண்டது? அடித்தால் ஒரு நிமிடம் நிம்மதி, போனைக் கொடுத்தால் ஒரு மணி நேரம் நிம்மதி. நாளைக்கும் இருவரும் இதையே செய்வார்கள், இன்னும் கொஞ்சம் உரக்க. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பெற்றர்சன் என்ற உளவியலாளர் பல வருடங்கள் குடும்பங்களின் வீடுகளிலேயே நடப்பதைப் பதிவு செய்து, தாயும் பிள்ளையும் ஒருவரையொருவர் எப்படி இப்படிப் பழக்கிவிடுகிறார்கள் என்று 1982இல் ஒரு புத்தகம் எழுதினார். நல்ல பெற்றோர் பயிற்சி எதை எடுத்துப் பார்த்தாலும் அதன் அடியில் இந்தக் கவனிப்பு இருக்கும்.

பயிற்சியின் வேலை, அந்தச் சுழலை முதல் கணுவிலேயே அறுப்பது. அடுப்படிக்குப் போகும் முன் ஐந்து நிமிடம், கூடையையும் படங்கையும் இறக்கி வைத்துவிட்டு, பிள்ளையின் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து, அவன் சொல்வதைக் கேட்பது. கேட்டதை அவன் வார்த்தையிலேயே திருப்பிச் சொல்வது. “ஆயாம்மா உனக்கு ரெண்டு பிஸ்கட் குடுத்தாங்களா? அதுல ஒண்ண நீ தம்பிக்குக் குடுத்தியா?” அவ்வளவு போதும். ஐந்து நிமிடம் கிடைத்த பிள்ளைக்குக் குடத்தைத் தட்டவேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. வந்தாலும், “தண்ணி கொட்டிருச்சு, இந்தத் துணியை எடுத்துத் தொடை” என்று செய்யவேண்டியதைச் சொல்வது. துடைத்ததும் அதைப் பாராட்டுவது. கேட்பதற்குச் சின்ன விஷயம். களைத்துப்போய் வந்த நேரத்தில் செய்வதற்குப் பெரிய விஷயம். அதனால்தான் கேட்டுப் பழகுவது போதாது, செய்து பழகவேண்டும். 2008இல் 77 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய அமெரிக்கக் குழு ஒன்று, பயிற்சி நடக்கும் இடத்திலேயே பெற்றோர் தம் சொந்தப் பிள்ளையோடு செய்து பார்க்கும் திட்டங்களுக்குத்தான் கூடுதல் பலன் என்று கண்டது. பிள்ளையை வெளியே கூட்டிப் போகச் சொல்லும் கருத்தரங்குக்கு இதைவிட வேறு பதில் வேண்டாம்.

வெளிநாட்டுக் கையேடுகளை அப்படியே மொழிபெயர்த்துக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்லவேண்டும். அடம்பிடிக்கும் பிள்ளையைச் சில நிமிடம் தனி அறையிலோ ஆளில்லாத மூலையிலோ உட்காரவைக்கச் சொல்லும் ஓர் உத்தி பல கையேடுகளில் உண்டு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் எந்தத் தனி அறை? இஸ்தோப்பில் உட்காரவைத்தால் லயத்து வரிசை முழுக்க அந்தப் பிள்ளையை வேடிக்கை பார்க்கும். “என்ன, அடி வாங்கினியா?” என்று போகிற வருகிற எல்லோரும் கேட்பார்கள். அமைதியடையச் செய்யவேண்டிய உத்தி அவமானப்படுத்தும் தண்டனையாகிவிடும். ஆனால் இதற்காகப் பயிற்சியே நமக்கு ஒத்துவராது என்று தள்ளிவிடக்கூடாது. உத்தியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதன் நோக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சூடு தணியும் வரை யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு பீலி வரைக்கும் நடந்துவிட்டு வந்தாலும் அதே வேலை நடக்கும். பாட்டு, விளையாட்டுக்கும் வெளியே போகவேண்டியதில்லை. இந்த மலைகளில் பாடப்பட்டவற்றை சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தேடித் தொகுத்து வைத்திருக்கிறார். அம்மாயிமாருக்கு அவர் தொகுக்காமல் விட்டதும் தெரியும்.

அடிக்கு வருவோம். ‘அடியாத மாடு படியாது’ என்பது நம் வீடுகளில் பழமொழியாக இருப்பதைவிடச் சட்டமாகவே இருக்கிறது. பாடசாலையில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இல் சுற்றுநிருபம் அனுப்பியது. சுற்றுநிருபம் அதிபர் அறையில் கோப்பில் இருக்கிறது, பிரம்பு வகுப்பறையில் இருக்கிறது. வீட்டைப் பற்றி அந்தச் சுற்றுநிருபம் எதுவும் சொல்லவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பியன்ஜலி டி சொய்சாவும் சக ஆய்வாளர்களும் கொழும்பு மாவட்டத்தில் 12 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரையில், பெற்றோரிடம் அடி வாங்குவதற்கும் பிள்ளையின் உளப் பாதிப்புக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். அடி வாங்கி வளர்ந்தும் நன்றாக இருக்கிறோமே என்று சொல்பவர்கள் இந்த அவையிலும் இருப்பார்கள். நன்றாக இருப்பவர்கள்தான் இப்படிப்பட்ட அவைகளுக்கு வருகிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

வடக்கு கிழக்கில் இன்னும் அழுத்தமான சான்று கிடைத்தது. கிளவுடியா கட்டானியின் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில் தமிழ்ப் பாடசாலை மாணவர் 296 பேரிடம் போர், சுனாமி, வீட்டு வன்முறை மூன்றையும் பற்றிக் கேட்டார்கள். வீட்டுக்குள் பிள்ளை படும் கொடுமையோடு இரண்டு விஷயங்கள் சேர்ந்து வந்தன. ஒன்று போரின் பாதிப்பு, மற்றது அப்பாவின் குடி. இதே குழுவின் தொடர்ச்சியாக ஸ்ரீஸ்கந்தராஜாவும் சகாக்களும் 2015இல் எழுதியது ஆறுதலான செய்தி. அவ்வளவு கொடுமையைப் பார்த்த பிள்ளைகளிடையே, பெற்றோரின் அன்பும் கவனிப்பும் கிடைத்தவர்களுக்கு உள்ளுக்குள் புழுங்கும் துயரமும் பயமும் குறைவாக இருந்தன. மலையகத்துப் பிள்ளை அந்தப் போரின் நடுவில் வளரவில்லை. ஆனால் அப்பாவின் குடி என்பதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. சம்பள நாளன்று தவறணைக்கு முன்னால் நின்று பார்த்தால் போதும்.

ஆகவே அப்பாக்களை விட்டுவிட்டு நடத்தும் பயிற்சி பாதிப் பயிற்சி. அம்மா ஐந்து நிமிடம் குந்தி உட்கார்ந்து பழகிவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். எட்டு மணிக்குத் தள்ளாடி வரும் அப்பா ஓர் உதையில் அதைக் கலைத்துவிடுவார். அப்பாக்களைக் கூட்டத்துக்கு அழைத்தால் வரமாட்டார்கள் என்பது உண்மைதான். கரப்பந்தாட்ட மைதானத்துக்கும் கோயில் திருவிழாக் கமிட்டிக்கும் வருகிறார்கள் அல்லவா? அங்கே போய்ப் பேசலாம். அங்கே மேடை வேண்டாம், விளக்கும் வேண்டாம்.

இவ்வளவு நேரம் பயிற்சியின் பெருமையைப் பேசியாயிற்று. அதன் எல்லையையும் சொல்லாவிட்டால் கணக்கு நேர்மையாக இருக்காது.

‘இன்கிரெடிபிள் இயர்ஸ்’ என்பது கரலைன் வெப்ஸ்டர்-ஸ்ட்ராட்டன் அமெரிக்காவில் உருவாக்கிய பெயர்பெற்ற பெற்றோர் திட்டம். ஐரோப்பாவில் அதைப் பற்றி நடந்த பல ஆய்வுகளின் மூலத் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பிள்ளையின் முரட்டுத்தனம் குறைந்தது. அடிப்பதும் மிரட்டுவதும் கத்துவதும் குறைந்தன, பாராட்டு கூடியது. ஆனால் பிள்ளையின் பயம், துக்கம், பதற்றம் போன்ற உணர்ச்சிச் சிக்கல்களில் மாற்றம் தெரியவில்லை. தாயின் மனச்சோர்விலும் தெரியவில்லை. தென்னாபிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் லூசி க்ளூவரின் குழு 552 குடும்பங்களோடு, பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும் அவர்களை வளர்ப்பவர்களுக்குமாக நடத்திய பதினான்கு வாரத் திட்டம் 2018இல் வெளியானது. பிள்ளைகளை அடிப்பதும் துன்புறுத்துவதும் குறைந்தன. வளர்ப்பவர்களின் மன அழுத்தம் குறைந்தது. போதைப் பழக்கம் இரு தரப்பிலும் குறைந்தது. ஆனால் உங்கள் மனநிலை எப்படி என்று பிள்ளைகளிடமே கேட்டபோது, பயிற்சி பெற்ற வீட்டுப் பிள்ளைக்கும் பெறாத வீட்டுப் பிள்ளைக்கும் வித்தியாசம் இல்லை.

பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்களில் நடந்ததும் இந்த வகைதான். கர்ப்ப காலத்தில் மனச்சோர்வுக்கு ஆளான 903 தாய்மாரை எடுத்துக்கொண்டார்கள். கிராமத்துப் பெண் சுகாதாரப் பணியாளர்களே வீட்டுக்குப் போய் அவர்களோடு பேசி, தன்னைப் பற்றியும் பிள்ளையைப் பற்றியும் வேறு விதமாக நினைக்கப் பழக்கினார்கள். ஆறு மாதத்தில் மனச்சோர்வோடு இருந்தவர்கள் 23 சதவீதம். வழக்கமான வருகை மட்டும் கிடைத்தவர்களில் 53 சதவீதம். அதிப் ரஹ்மானின் குழு 2008இல் ‘லான்செட்’ இதழில் இதை வெளியிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஏழு வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளைத் தேடிப் போனார்கள். இரண்டு தரப்புப் பிள்ளைகளுக்கும் இடையில் அறிவிலோ மனநிலையிலோ வித்தியாசம் காணப்படவில்லை.

இதைக் கேட்டு மனம் தளரவேண்டியதில்லை. தாய் குணமானதே பெரிய காரியம். அது பிள்ளைக்காக மட்டும் நடக்கவேண்டிய ஒன்றும் அல்ல. ஆனால் ஒரு விஷயம் புலப்படுகிறது. பயிற்சி சில மாதத்தில் முடிந்துவிடுகிறது, வாழ்க்கை அப்படியே இருக்கிறது. ஜமெய்க்காவில் பலன் நின்றதற்கு இரண்டு வருடம் வாரா வாரம் ஒருவர் வந்ததும், அது பிள்ளையின் முதல் மூன்று நான்கு வயதுக்குள் நடந்ததும் காரணமாக இருந்திருக்கலாம். குறுகிய காலப் பயிற்சி ஒன்றை நடத்திவிட்டு, பிள்ளைகளின் மனநலத்தை மேம்படுத்திவிட்டோம் என்று அறிக்கை எழுதுவது அந்த ஆய்வுகள் சொல்லாததைச் சொல்வது.

சூழலை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டு அனுபவமே ஒன்று உண்டு. 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த எண்களில் ஒன்று அது. பத்து வருடத்தில் அது பாதியானது. அதற்குப் பெரிய காரணம் கடும் நச்சுப் பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தது. கைக்கெட்டும் தூரத்தில் போத்தல் இல்லாமல் போனது ஆயிரம் அறிவுரைகளால் முடியாததைச் செய்தது. பிள்ளை வளர்ப்பிலும் அப்படித்தான்: எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும், காம்பராவின் அளவும் கொழுந்தின் கிலோக் கணக்கும் மாறாமல் இருந்தால் அந்தப் பயிற்சி ஒரு மட்டத்துக்கு மேல் ஏறாது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்றார்கள், 2024இல் 1,350 என்றார்கள். அந்தக் காசு முழுதாகக் கைக்கு வருவதற்கு எத்தனை கிலோ என்பது தோட்டத்துக்குத் தோட்டம் வேறு. மனநலம் பற்றிப் பேச வருகிறவர் இந்தக் கிலோவைப் பற்றிப் பேசாமல் போனால், பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் போகிறார் என்றுதான் அர்த்தம்.

இன்னொரு கூட்டத்தை எல்லாப் பயிற்சியும் மறந்துவிடுகிறது. கூப்பிடுவது ‘பெற்றோரை’. பெற்றோர் இருந்தால்தானே? அப்பா கொழும்பில் கடையில், அம்மா சவுதியிலோ குவைத்திலோ. வீட்டில் இருப்பது அம்மாயியும் இரண்டு பிள்ளைகளும். 2015இல் வெளியான ஓர் இலங்கை ஆய்வு, வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் விட்டுச்சென்ற பிள்ளைகளில் ஐந்தில் இருவரிடம் மனநலக் கோளாறுக்கான அறிகுறிகளைக் கண்டது. அரசாங்கம் 2013இல் கண்ட வழி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய் வெளிநாடு போகக்கூடாது என்பது. தாய்க்கு மட்டும், அப்பாவுக்கு இல்லை. 2022இல் பொருளாதாரம் விழுந்து டொலர் தேவைப்பட்டபோது அந்த விதி தளர்ந்தது. பிள்ளையின் மனம் பற்றிய அக்கறை டொலரின் விலையோடு ஏறி இறங்கியதை இங்கே இருக்கும் அம்மாயிமார் நன்றாகவே பார்த்தார்கள். அவர்களுக்குத்தான் முதலில் பயிற்சி தேவை. முழங்கால் வலியோடு லயத்துப் படியேறும் அவர்களைப் பிரதேச செயலகத்து மண்டபத்துக்கு வரச்சொல்வதில் அர்த்தமில்லை.

அப்படியானால் எங்கே நடத்துவது? தோட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது, ஆளும் இருக்கிறார்கள். பன்னிரண்டு வாரப் பிரசவ விடுமுறை முடிந்து தாய் மலைக்குத் திரும்பும்போது பிள்ளையை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராதான் அந்த இடம். ஒரு காலத்தில் அது தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகத் தொட்டில் கட்டிய மடுவம். இன்று பல தோட்டங்களில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்ற பலகையும், பயிற்சி பெற்ற உத்தியோகத்தரும், சுவரில் படங்களும் உண்டு. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபோது உருவான பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம், தோட்டத்துக்காரர் ‘ட்ரஸ்ட்’ என்று சொல்வது, அவற்றை மேற்பார்வை செய்கிறது. ஜமெய்க்காவிலும் ராவல்பிண்டியிலும் ஆய்வாளர்கள் ஆள் தேடிப் பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்பவேண்டியிருந்தது. இங்கே ஒரு நாளைக்கு இரண்டு தடவை, பிள்ளையை விடும்போதும் எடுக்கும்போதும், தாயே அந்த வாசலுக்கு வருகிறாள். எந்தப் பிள்ளையின் வீட்டில் நேற்று இரவு சண்டை என்பது ஆயாம்மாவுக்குக் காலை ஏழு மணிக்கே தெரியும்.

அந்த ஆயாம்மாவை என்ன செய்து வைத்திருக்கிறோம்? இருபது முப்பது பிள்ளைகளுக்குப் பால் கரைக்கவும் துணி மாற்றவும் தூங்கவைக்கவுமே அவருக்கு நேரம் போதாது. அவரிடம் இன்னொரு கோப்பையும் இன்னொரு பதிவேட்டையும் கொடுத்து, பெற்றோர் பயிற்சியையும் நீங்களே பாருங்கள் என்றால் அதுவும் கையெழுத்தோடு முடிந்துவிடும். ஒரு நிலையத்துக்கு இன்னும் ஓர் ஆள் வேண்டும். அந்த லயங்களிலேயே ஓ.எல்., ஏ.எல். படித்துவிட்டுக் கொழும்புக் கடைகளுக்குப் போகக் காத்திருக்கும் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர். பங்களாதேசில் கிராமத்துச் சுகாதார நிலையங்களிலேயே தாய்மாரை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து ஜமெய்க்கா முறையை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். வீடு வீடாகப் போகும் செலவு அதில் மிச்சம்.

பெரிய பிள்ளைகளுக்கு வேறு வழி வேண்டும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை வரும் மாதங்களில் பத்து வயதுப் பிள்ளைக்கு வயிற்றுவலி வருவதும், வெட்டுப்புள்ளி வந்த பிறகு வீட்டில் பேச்சு நின்றுபோவதும் ஆசிரியைகளுக்குத் தெரிந்தவை. அதைத் தனியே ஒரு நாள் பேசவேண்டும். இப்போதைக்கு இரண்டு எண்களை மட்டும் குறித்துக்கொண்டு போகலாம். பிள்ளைக்குக் கொடுமை நடக்கிறது என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. மனம் தாங்கவில்லை என்றால், அது அம்மாவுக்கானாலும் பிள்ளைக்கானாலும், தேசிய மனநல நிறுவனத்தின் 1926.

கடைசியாக நேரத்தைப் பற்றி. வாரம் ஒரு மணி நேரம் என்றால் எந்த மணி நேரம்? ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி துவைக்கும் நாள், விறகு பொறுக்கும் நாள். வேலை விட்ட பிறகு என்றால் அடுப்பு யார் பற்றவைப்பது? வேலை நேரத்துக்குள் வைக்கவேண்டும். காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து மலைக்குப் போகும் முன், வாரம் ஒரு நாள், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய்மார் மட்டும் ஒரு மணி நேரம் பிள்ளைக் காம்பராவில் பிள்ளையோடு இருந்துவிட்டுப் போகலாம். அந்த மணி நேரத்துக்கான கொழுந்தை அன்றைய கணக்கிலிருந்து கழித்து, முழுப்பேர் போடவேண்டும். சம்பளம் இப்போது சம்பள நிர்ணய சபையில் தீர்மானமாகிறது. அங்கே தொழிற்சங்கமும் கம்பனியும் எதிரெதிரே உட்காருகின்றன. ரூபாவைப் பற்றிய பேச்சு முடிந்த பிறகு, எழுந்து போகும் முன், இந்த ஒரு மணி நேரத்தையும் யாராவது கேட்டு வைக்கவேண்டும். கேட்கவேண்டிய சங்கங்களின் பிரதிநிதிகள் சிலர் இந்த அவையின் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள்.